ஏழாவது இடத்தில் சாண்ட்ஃபோர்க்

வியாழக்கிழமை, பிற்பகல் 2.40.

காப்பித்தூள் டின்னைக் கவிழ்த்தபோது மேஜைமேல் ஏழு உறைகள் விழுந்தன. எட்டு இருக்க வேண்டும். டெல்லா ஹார்கிஸ் டின்னுக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். ஒட்டியிருந்த காப்பித்தூள்தான் நகத்தில் ஏறியது.

எண்ணிக்கையில் தவறுகிறவள் அல்ல டெல்லா. அறுபத்தொரு வயதில் இருபத்தாறு வருடம், மாவட்டத்தின் எட்டு உயர்நிலைப் பள்ளிகள் ஆடும் பேஸ்பால் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியே கழிந்தது. அதையும் பேனாவில்தான் எழுதுவாள். பென்சிலில் எழுதினால் அழிக்கத் தோன்றும் என்பாள். அப்பாமார்கள் வேலிக்கு வெளியே நின்று கத்தினாலும், அம்மாமார்கள் கேக் சுட்டுக் கொண்டுவந்தாலும், எழுதியது எழுதியதுதான்.

ஆட்டமில்லாத மாதங்களில் உள்ளூர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம் அவள் பொறுப்பு. பிப்ரவரி கடைசியில், சீசன் தொடங்குவதற்கு முன், ரேங்க் பட்டியல் வரும். எட்டு கோச்சுகளும் தங்கள் அணியை விட்டுவிட்டு மற்ற ஏழு அணிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி காரணம் எழுதி, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின்மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். சனிக்கிழமை பத்திரிகையில் எட்டுச் சீட்டையும் கூட்டிய ரேங்க்கோடு நிற்காது. யார் யாரை எந்த இடத்தில் வைத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பதும் ஒரு வரி விடாமல் வரும். ஊரே அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொண்டு மே மாதம் வரை சண்டை போடும்.

அன்று மதியமும் வழக்கம்போலத்தான் நடந்தது. கோச்சுகள் எட்டுப் பேரும் உணவு விடுதியில் கூடி, பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட சில்லியையும் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே சீட்டை நிரப்பினார்கள். உறைகளை டெல்லா தன் கையால் வாங்கி, எட்டு என்று எண்ணி, டின்னில் போட்டாள்.

இப்போது ஏழையும் பிரித்துப் பார்த்தாள். காணாமல் போனது ஹேஸ்லம் பள்ளி கோச் பாஸ்கம் டீக்கின் சீட்டு.

வேறு யாருடையதாக இருந்தாலும் போன் போட்டு இன்னொன்று கேட்டிருப்பாள். பாஸ்கமுக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தொரு வருடமாக ஹேஸ்லம் அணிக்குக் கோச். மனிதர் மறக்க ஆரம்பித்துவிட்டார் என்று குளிர்காலம் முழுக்க ஊரில் பேச்சு. 'இந்த ஒரு சீசன் மட்டும் விடுங்க, அப்புறம் சாவியை நானே கொடுத்துடறேன்' என்று அவர் கேட்டிருந்தார். விடுவதா வேண்டாமா என்று பள்ளி வாரியம் திங்கட்கிழமை கூடி முடிவு செய்யப் போகிறது. இந்த நேரத்தில் 'பாஸ்கம் சீட்டுக் கொடுக்கவில்லை' என்று பத்திரிகையில் வந்தால், அதுவே போதும்.

இன்னொன்றும் உண்டு. பாஸ்கம் சீட்டு இல்லாத ரேங்க் பட்டியலை யார் படிப்பார்கள்? சாண்ட்ஃபோர்க் கோச் எமில் கோவாரும் பாஸ்கமும் பள்ளி நாளிலேயே எதிரெதிர் அணியில் ஆடியவர்கள். முப்பத்தொரு வருடமாக பாஸ்கம் சாண்ட்ஃபோர்க்கை ஏழாவது இடத்தில்தான் வைத்தார். அவர்கள் மாநிலக் கோப்பை வாங்கிய வருடமும் ஏழுதான். காரணமும் எப்போதும் எமிலைப் பற்றியே இருக்கும். போன வருடம் எழுதியது: 'கோச்சின் மீசை இன்னும் இருக்கிறது.' பையன்களைக் குறை சொல்லி ஒரு வார்த்தைகூட எழுதியதில்லை. கிறிஸ்துமஸ் சமயம் எமில் அந்த மீசையை மழித்துவிட்டு வந்து நின்றபோது, இதற்கு பாஸ்கம் என்ன எழுதுவார் என்று ஊரே காத்துக்கொண்டிருந்தது.

மற்ற கோச்சுகள் ஆறு பேரில் ஐந்து பேர் சாண்ட்ஃபோர்க்கை முதலிடத்தில் வைத்திருந்தார்கள். ஐவருக்கும் ஒரே காரணம். கோல்பி என்ற பையனின் இடது கை. அப்படிப் பந்து வீசுகிறவன் இந்தப் பக்கம் பத்து வருடமாக வரவில்லை.

டெல்லா நாற்காலியில் சாய்ந்து யோசித்தாள். 1.50க்கு எதிரே தபாலாபீஸுக்குப் போனாள். 2.10க்குத் திரும்பினாள். ஆபீஸ் கதவைப் பூட்டும் பழக்கம் அவளுக்குக் கிடையாது, ஊரிலேயே கிடையாது. திரும்பியபோது மேஜைமேல் புதிதாக மூன்று பொருள்கள் இருந்தன. தீவனக் கடை ஆர்லிஸ் கிரென்ஷா வைத்துவிட்டுப் போன விளம்பரத் தாள். ஹேஸ்லம் உதவி கோச் டிரென்ட் லெட்பெட்டர் கொண்டுவந்த அணிப் புகைப்படம். எமிலின் மனைவி இரவல் வாங்கி, எமிலிடம் கொடுத்தனுப்பிய ரொட்டித் தட்டு, கழுவித் துடைத்தபடி.

ஆக, மூன்று பேர். டெல்லா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

2.55. தீவனக் கடை.

ஆர்லிஸ் கிரென்ஷா பள்ளி வாரிய உறுப்பினர். பாஸ்கமை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்.

"என் டின்னைத் தொட்டீங்களா?"

"எந்த டின்னும்மா?"

"பாஸ்கம் சீட்டைக் காணோம்."

கிரென்ஷா தோளிலிருந்த மூட்டையை இறக்கினார். "நான் எதுக்கு எடுக்கறேன்? அவர் என்ன எழுதியிருந்தாலும் சனிக்கிழமை நீயே ஊருக்கு அச்சடிச்சுக் குடுக்கப் போற. அதுல ஏதாவது கோணல் இருந்தா எனக்கு வேலை மிச்சம்."

"அவ்வளவு கோபமா அவர்மேல?"

"கோபமா! போன மே மாசம் ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்துல மூணாவதுலயே ஆட்டம் முடிஞ்சுதுன்னு அவர் பாட்டுக்கு பஸ்ஸைப் பாத்து நடந்தாரு. பசங்க என்ன செய்யறதுன்னு தெரியாம முழிச்சுட்டு நின்னாங்க. என் பேரனும் அதுல நின்னான். வீட்டுக்கு வந்து அழுதான் டெல்லா. அதை நான் எப்படி மறக்கறது?"

அவர் குரலில் பொய் இல்லை. அதைவிட, அவர் சொன்ன கணக்கில் ஓட்டை இல்லை. அந்தச் சீட்டு வெளியே வரக் கூடாது என்று நினைத்தவன்தான் அதை எடுத்திருக்க வேண்டும். கிரென்ஷாவுக்கு அது வெளியே வந்தால்தான் லாபம்.

3.15. ஹேஸ்லம் மைதானம்.

காற்று ஆளைத் தள்ளியது. பையன்கள் மஞ்சள் புல்லில் ஓடிக்கொண்டிருந்தார்கள். பாஸ்கம் டீக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, ஒருவன் மட்டையைச் சுழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டிரென்ட், முப்பது வயது, கையில் விசில்.

"வாம்மா டெல்லா!" பாஸ்கம் முகம் மலர்ந்தது. "ரே எப்படி இருக்கான்? முதுகுவலி தேவலையா?"

டெல்லாவின் கணவன் ரே இறந்து நாலு வருடம் ஆகிறது. சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் பாஸ்கமும் ஒருவர்.

"நல்லா இருக்கார், கோச்," என்றாள் டெல்லா. ஸ்கோர் புத்தகத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றி எழுதாதவள், கண் இமைக்காமல் பொய் சொன்னாள்.

"சீட்டு கிடைச்சுதுல்ல? காப்பிக் கப்பை உறைமேல வெச்சுட்டேன். வட்டமா கறை ஆயிடுச்சு. மன்னிச்சுக்க."

"கிடைச்சுது."

டிரென்ட் அவளைத் தள்ளி அழைத்துப் போனான். அவளும் வளைத்துப் பேசவில்லை.

"அவர் போனா அடுத்த கோச் நீதான தம்பி?"

"அப்படித்தான் சொல்றாங்க, மேடம்."

"டின்லேருந்து எதையாவது எடுத்தியா?"

"இல்ல மேடம். போட்டோ வெச்சேன், வந்துட்டேன். சாப்பாட்டுக்கே என்னைக் கூப்பிடல. கோச்சுங்க மட்டும்தான். அவர் என்ன எழுதினார்னுகூட எனக்குத் தெரியாது." அவன் வாளிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "நாள் தப்பிப் போகுது அவருக்கு. ஆனா பையன் ஒருத்தன் மட்டையைத் தூக்கினா போதும், எங்க தப்புன்னு எனக்கு முன்னாடி சொல்லிடுவார். அவர் உக்காந்திருக்கற வரைக்கும் அந்த வேலை எனக்கு வேணாம்."

அப்போதே பாஸ்கம் வாளியிலிருந்து கத்தினார்: "பின்காலை ஊன்றா! மாட்டை விரட்டவா போற?"

பையன் காலை ஊன்றினான். அடுத்த பந்து வேலியைத் தாண்டியது.

3.55. சாண்ட்ஃபோர்க் மைதானம்.

எமில் கோவார் மழித்த உதட்டைத் தடவிக்கொண்டு வேலியோரம் நின்றார். அந்த முகத்துக்கு டெல்லா இன்னும் பழகவில்லை.

"தட்டு வந்துதா?"

"வந்துது. பாஸ்கம் சீட்டுதான் வரல. டின்ல இல்ல."

"தொலைச்சிருப்ப."

"நானா?"

எமில் வேறு பக்கம் பார்த்தார். "இல்ல... மேஜைக்கு அடியில பாத்தியா? ஹீட்டர் பக்கம்? காத்துல பறந்து விழும்."

"நீங்க ரெண்டு பேரும்தான மூலை மேஜையில தனியா உக்காந்திருந்தீங்க. அவர் எழுதினதைப் பாத்தீங்களா?"

"அந்த ஆளு எழுதறதை நான் எதுக்குப் பாக்கறேன்? ஏழுன்னு போட்டிருப்பான். வேற என்ன தெரியும் அவனுக்கு?"

அவர்களுக்குப் பின்னால் கோல்பி சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். இடது கையில் கிளவுஸ். வலது கையால் ஒவ்வொன்றாக, குறி தவறித் தவறி, எறிந்தான். டெல்லா அதைப் பார்த்தாள். அப்போது அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை.

4.40. ஆபீஸ்.

மேஜைக்கு அடியில், ஹீட்டர் பக்கம், உறை கிடந்தது. ஒட்டிய இடத்தின்மேல் பாஸ்கமின் கையெழுத்து.

டெல்லா அதை விளக்கடியில் பிடித்தாள். வெள்ளை வெளேர் என்றிருந்தது. காப்பிக் கறை எங்கே?

பிரித்தாள். ஏழு அணிகள், ஏழு காரணங்கள், எல்லாம் நியாயமான வரிசை. கடைசியில் சாண்ட்ஃபோர்க். எதிரே: 'பந்து வீச ஆள் இல்லை.'

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. ஸ்கோர் புத்தகத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல அந்த நாளை முதலிலிருந்து ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். ஐந்து நிமிடம் ஆனது. போனை எடுத்தாள்.

6.10.

எமில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தார். டெல்லா சீட்டை அவர் முன்னால் தள்ளினாள்.

"கையெழுத்தை நல்லாப் போட்டிருக்கீங்க."

"என்ன உளர்ற?"

"முப்பத்தொரு வருஷமா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி ரெண்டு பேரும் அணிப் பட்டியலைக் கையால எழுதி மாத்திக்கறீங்க. அவர் கையெழுத்து உங்களுக்கு வராம யாருக்கு வரும்? ஆனா உறையில காப்பிக் கறையை மறந்துட்டீங்க."

எமில் தொப்பியின் விளிம்பைத் தொட்டார்.

"சரி, கையெழுத்து டிரென்டுக்கும் வரும். அதனால சீட்டைப் படிச்சேன். பாஸ்கம் உங்களைக் கிண்டல் பண்ணுவார், பசங்களைத் தொடவே மாட்டார். இதுல பசங்களைப் பத்திதான் இருக்கு. உங்க மீசையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. வேற யார் அவர் மாதிரி எழுத உக்காந்தாலும் முதல்ல அந்த மீசையைத்தான் பிடிப்பாங்க. இந்த மாவட்டத்துல அது ஞாபகம் வராத ஒரே ஆளு அதை மழிச்ச ஆளுதான்."

"அது மட்டும் போதுமா?"

"போதாது. மத்தவங்க எல்லாம் கோல்பி கையை நம்பி உங்களை முதல்ல வெச்சிருக்காங்க. இதுல பந்து வீச ஆளே இல்லன்னு இருக்கு. இடது கையில வீசறவன் கிளவுஸை வலது கையிலதான் மாட்டுவான். இன்னிக்கு இடது கையில மாட்டிட்டு, வராத கையால பந்தை எறிஞ்சுட்டிருந்தான். அவன் கைக்கு ஏதோ ஆயிருக்கு. அது அவனுக்கும் உங்களுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. காரணம் ஏதாவது எழுதணும். உங்களுக்குப் பொய் வரல. உண்மையை எழுதிட்டீங்க."

எமில் நீண்ட மூச்சு விட்டார். "முழங்கை. ஏப்ரல் வரைக்கும் அந்தக் கையால பந்தைத் தொடக் கூடாதாம். வெளிய சொல்லிடாத. காலேஜ் அணிக்கு ஆள் எடுக்கறவங்க வந்து அவனைப் பாக்கறதா இருக்கு."

"சொல்லல. அசல் எங்க?"

எமில் தொப்பியைக் கழற்றி, உள்பட்டையிலிருந்து மடித்த உறையை எடுத்துக் கொடுத்தார். நடுவில் பழுப்பு வட்டம்.

"பக்கத்துல உக்காந்து எட்டிப் பாத்துட்டேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஒட்டி உன் கையில குடுத்துட்டான். நீ தபாலாபீஸ் போனதும் எடுத்தேன். அங்கயே காலி சீட்டும் உறையும் ஒண்ணு எடுத்துட்டுப் போய் வண்டியில உக்காந்து எழுதினேன். திரும்பி வந்தா நீ மேஜையில உக்காந்திருக்க. தெருவை மூணு தடவை சுத்தினேன், திருட்டுப் பூனை மாதிரி. நீ தீவனக் கடைக்குப் போன அப்புறம்தான் உள்ள வந்தேன்."

டெல்லா படித்தாள். பாஸ்கமின் கையெழுத்து, நடுங்காத எழுத்து. மூன்றாவது இடத்தில் எல்ம்வேல். அந்தப் பள்ளியை மூடி இருபது வருடம் ஆகிறது. மற்ற வரிகளில் இருந்த பையன்கள் எல்லாம் இன்று தாத்தாக்கள், இரண்டு பேர் கல்லறையில். முதல் இடத்தில் சாண்ட்ஃபோர்க். எதிரே:

'மூன்றாம் பேஸைக் காக்க எமில் கோவார் என்று ஒரு பையன். அவனைத் தாண்டி எதுவும் போகாது. அந்தப் பக்கம் அடிக்காதீர்கள்.'

"முப்பத்தொரு வருஷம்," என்றார் எமில். "ஒரு தடவையாவது என்னை மேல வெக்க மாட்டானான்னு இருந்தேன். இன்னிக்கு வெச்சுட்டான். அதைப் பாத்ததும்தான் எனக்குப் புரிஞ்சுது, அவனுக்கு உடம்பு சரியில்லன்னு."

டெல்லா அழுதாள். மறைக்கவில்லை. எமிலும் மழித்த உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதார்.

"நான் எழுதினதையே போட்டுடு," என்றார் அவர். "கெஞ்சிக் கேக்கறேன். இதை அச்சடிச்சா திங்கக்கிழமை அவன் கதை முடிஞ்சுது."

"கள்ளச் சீட்டை நான் எண்ண மாட்டேன். யாருக்காகவும்." அவள் கண்ணைத் துடைத்தாள். "ஆனா நாளைக்கு மதியம் பன்னெண்டு வரைக்கும் ஒரு கோச் தன் சீட்டைத் தானே மாத்திக்கலாம். எப்பவும் உள்ள விதிதான். காலைல எட்டு மணிக்கு அவர் வீட்டுக்கு வாங்க. வாயைத் திறந்தீங்க, வெளிய அனுப்பிடுவேன்."

வெள்ளிக்கிழமை, காலை 8.05.

பாஸ்கமின் சமையலறை. அவர் மனைவி வெர்னா காப்பியை ஊற்றிவிட்டு அவர் தோளில் கை வைத்து நின்றாள். டெல்லாவின் ஸ்கோர் புத்தகங்கள் மேஜைமேல். பாஸ்கம் அவளையும் எமிலையும் மாறி மாறிப் பார்த்தார். காலை நேரங்களில் அவர் தெளிவாக இருப்பார்.

"நேத்து தப்பா எழுதிட்டேனா?"

"தப்பு இல்ல, கோச். பழைய சீசனுக்கு எழுதிட்டீங்க."

அவர் தலை குனிந்தது. வெர்னாவின் விரல்கள் தோளை அழுத்தின.

"சரி. போன வருஷத்தைப் படி," என்றார்.

அவள் ஒவ்வொரு அணியாக, ஒவ்வொரு ஆட்டமாகப் படித்தாள். யார் திரும்பி வருகிறான், யார் பள்ளி முடித்துப் போய்விட்டான் என்று சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கேட்ட கேள்விகள் கத்தி மாதிரி இருந்தன. இந்தப் பையன் குளிரில் எப்படி ஆடினான்? அந்த அணி கடைசி இன்னிங்ஸில் எத்தனை தடவை சொதப்பியது? எமில் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணி நேரத்தில் ஆறு இடங்கள் நிரம்பின. டெல்லா சரிபார்த்தாள். மாவட்டத்தில் இதைவிட நல்ல பட்டியல் வேறு யாரும் போட்டிருக்கவில்லை.

"சாண்ட்ஃபோர்க்?"

பாஸ்கம் எமிலை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுதினார். ஏழு. எதிரே: 'மீசை இருந்தபோது கோச்சின் முகம் பாதிதான் தெரிந்தது. இப்போது முழுவதும் தெரிகிறது.'

எமில் மேஜையைக் குத்திச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

பாஸ்கம் உறையின்மேல் கையெழுத்துப் போட்டார். "திங்கக்கிழமை கூட்டத்துக்கு நானே போறேன்," என்றார். "ஆட்டத்துல யாரை மாத்தறது, எப்ப மாத்தறது, எல்லாம் டிரென்ட் பொறுப்பு. எனக்கு அந்த வாளி போதும். அதுக்குமேல கேக்க மாட்டேன்னு சொல்லிடறேன்."

திங்கட்கிழமைக் கூட்டம் பதினொரு நிமிடத்தில் முடிந்தது. கிரென்ஷாவும் சம்மதம் என்று கை தூக்கினார்.

மார்ச் கடைசியில் முதல் ஆட்டம், ஹேஸ்லமில், சாண்ட்ஃபோர்க்குடன். அணிப் பட்டியல் மாற்றிக்கொள்ள டிரென்ட்தான் போயிருக்க வேண்டும். அவன் தாளை பாஸ்கம் கையில் கொடுத்து அனுப்பினான். இரண்டு கிழவர்களும் மட்டை பிடிக்கிறவன் நிற்கும் இடத்தில் நின்றார்கள். டெல்லா அதற்கு நேர் பின்னால், வலைக்கு அப்பால், தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு அவளுக்குக் கேட்டது.

எமில் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். உள்பட்டையில், டெல்லா அவரிடமே திருப்பிக் கொடுத்திருந்த பழைய உறை மடித்தபடி; பழுப்பு வட்டத்தின் ஓரம் தெரிந்தது.

"தொப்பிக்குள்ள என்னடா?" என்றார் பாஸ்கம்.

"ரேங்க் பட்டியல்."

"யாரு முதல்ல?"

"நாங்கதான்."

"எந்த முட்டாள்டா அப்படிப் போட்டான்?"

எமில் தொப்பியை மாட்டி, நன்றாகக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உனக்குத் தெரிஞ்ச ஆளுதான்," என்றார்.

டெல்லா பேனாவைத் திறந்து, புதுப் பக்கத்தில் தேதி போட்டாள்.